வினோஜா ரீச்சரின் ஏலம்

மேசையின் நடுவில் நண்டு நின்றது.

உயிர் நண்டு. அதுவும் நல்ல கொழுத்த நண்டு. வினோஜா கரும்பலகையில் மூன்றாவது கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினாள். வரவு இடாப்புக்கும் வெண்கட்டிப் பெட்டிக்கும் நடுவில் நின்றபடி, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு அது அவளையே பார்த்தது. வெளியே படிக்கட்டில் யாரோ ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஆர் இதைக் கொண்டுவந்தது?"

முப்பத்துநான்கு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களின் முகம் ஒவ்வொருவருக்கும்.

"தானாய் வந்திருக்கும் ரீச்சர்," என்றான் பின் வாங்கில் இருந்த றஜிந்தன். "கடல் கிட்டத்தானே."

கடல் கிட்டத்தான். பள்ளிக்கூட மதிலைத் தாண்டினால் ரோட்டு, ரோட்டைத் தாண்டினால் கடல். ஆனால் தரம் எட்டு 'பி' இருப்பது மேல்மாடியில். ஒரு நண்டு இருபத்திரண்டு படி ஏறி, ஏழாம் வகுப்பை வேண்டாம் என்று விட்டுவிட்டு, நேரே கணக்குப் பாடத்துக்கு வந்தது என்றால் அந்த நண்டை அடுத்த வருடமே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம்.

"சரி, ஆராவது ஒராள் வந்து இதை எடுத்து வெளியிலை விடுங்கோ," என்றாள் வினோஜா.

அங்கேதான் பிழை விட்டாள். 'ஆராவது ஒராள்' என்று அவள் சொன்னதும் முப்பத்துமூன்று பேர் எழும்பினார்கள். இரண்டு வாங்குகள் சரிந்தன. நண்டு மேசையிலிருந்து குதித்து அலுமாரிக்குக் கீழே போனது. அதன் பின்னால் றஜிந்தன் நெஞ்சால் ஊர்ந்து போனான். றஜிந்தனின் காலைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்ரி போனான். பெட்டைப் பிள்ளைகள் மேசைகளில் ஏறி நின்று, "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று வழி சொன்னார்கள்.

வாசலில் பள்ளிக்கூட அதிபர் சூசைதாசன் நின்றார்.  காலடியில் ஓடி வந்த நண்டுக்கு வழிவிட்டு நின்றார். பிறகு, "இடைவேளைக்குக் கந்தோருக்கு வாரும் பிள்ளை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வினோஜாவுக்கு ஊர் அளவெட்டி. அந்த ஊரில் ஒரு கோயிலில் நாதஸ்வரம் வாசித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். வினோஜாவின் குரலோ முன் வாங்குக்கே ஒழுங்காகக் கேட்காது. கணிதத்தில் நல்ல பட்டம், கையில் நியமனக் கடிதம், தோளில் புதுப் பை, இந்தக் குரல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி, கடற்கரையோரத்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதத்தில் அவள் ஆறு கிலோ மெலிந்திருந்தாள்.

கந்தோரில் சூசைதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். அதுவரை எந்தச் சத்தமும் இல்லாமல் காலம் போனால் போதும் என்றிருந்தவர்.

"இரும் பிள்ளை. அடுத்த வெள்ளி கழிச்சு மற்ற வெள்ளி, வலயக் கல்விக் கந்தோரிலையிருந்து மீனாம்பிகை மடம் வாறா. முதலாம் வருச ரீச்சர்மாரின்ரை வகுப்பைப் பாத்து ரிப்போட் எழுதுவா."

"ஓம் சேர்."

"போன வருசம் வேறை பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளைக்கு 'வகுப்புக் கட்டுப்பாடு இல்லை' எண்டு எழுதினவ. அந்தப் பிள்ளை இப்ப எங்கை படிப்பிக்குது தெரியுமே?"

"தெரியாது சேர்."

சூசைதாசன் யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கை நீண்ட பக்கம் கடல்தான் இருந்தது. அதற்கும் அப்பால் ஏதோ ஒரு தீவு இருக்கவேண்டும்.

"காலமை போட். பின்னேரம் போட். காத்தடிச்சால் அங்கையே நிக்கவேண்டியதுதான்."

வினோஜாவுக்கும் போட்டுக்கும் ஒத்துவராது. சின்ன வயதில் நயினாதீவுக் கோயிலுக்குப் போனபோது வயிற்றைப் பிரட்டி, போகும்போதும் சத்தி, வரும்போதும் சத்தி. திரும்பி வந்த பிறகு கிணற்று நீரைக் குனிந்து பார்த்தும் ஒரு தரம் சத்தி. தினமும் இரண்டு தரம் போட் என்றால் அவள் படிப்பிப்பது எப்போது?

வீட்டில் அம்மா சொன்னார்: "கஷ்டமெண்டால் விட்டுட்டு வா பிள்ளை. வங்கிச் சோதினை எடுக்கலாம்தானே."

"நான் ரீச்சராய்த்தான் இருப்பன்," என்றாள் வினோஜா. வீட்டில் மட்டும் அவளுடைய குரல் நன்றாகவே கேட்டது.

அடுத்தநாளே வேலையைத் தொடங்கினாள். முதலில் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உள்ள பழைய வைத்தியம். வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு, தான் இல்லாத நேரம் கதைக்கிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னாள். ஒரு தரம் கதைத்தால் ஒரு புள்ளடி. சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போய் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பினாள்.

கரும்பலகையில் இடம் இல்லை. உச்சியில் கொட்டை எழுத்தில் 'கதைச்ச ஆக்கள்'. கீழே முப்பத்துமூன்று பெயர்கள். றஜிந்தனுக்கு நேரே நாற்பத்தொரு புள்ளடி. இரண்டாம் இடத்தில் நின்ற கிறிஸ்ரி, தான் தும்மியதையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு வரும் என்று தலைவியிடம் வழக்குப் பேசிக்கொண்டிருந்தான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் கை தட்டியது. மூலையில் இருந்த ஜெனிற்றாவின் பெயர் மட்டும் பலகையில் இல்லை. அந்தப் பிள்ளை இந்த ஏழு மாதத்தில் 'வந்திருக்கிறன் ரீச்சர்' என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

கடைசி வரியைப் பார்த்த வினோஜாவுக்குக் காது சுட்டது.

"வினோஜா ரீச்சர், ஆறு புள்ளடி. இதென்ன இது?"

தலைவி பயபக்தியோடு விளக்கம் சொன்னாள்: "போகேக்கை 'கதைக்காதேங்கோ, கதைக்காதேங்கோ' எண்டு ஆறு தரம் கதைச்சனீங்கள் ரீச்சர்."

"நியாயம்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதிபர் வந்து நின்று முழுவதையும் வாசித்திருந்தார்.

இரண்டாவது யோசனை இதைவிடப் பெரிது. றஜிந்தனையே தலைவனாக்கிவிட்டால்? பொறுப்பு வந்தால் பொறுமையும் வருமென்று பயிற்சி வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவர் றஜிந்தனைக் காணாதவர்.

திங்கட்கிழமை காலை றஜிந்தன் தலைமுடியை நனைத்து வாரி, சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டி, கழுத்தில் தகப்பனின் வள்ளத்து விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். இருபது நிமிடம் வகுப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. வினோஜா பின்னங்களைக் கூட்டிக்காட்ட, எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அப்போது கீழே முற்றத்தில் அதிபர் நடந்து போனார். கிறிஸ்ரி இருமினான்.

"அமைதி!" என்று கத்தினான் றஜிந்தன். கத்தியது போதாதென்று விசிலை வாயில் வைத்து நீட்டி மூன்று தரம் ஊதினான்.

அது கடற்கரைப் பள்ளிக்கூடம். மூன்று நீட்டு விசில் என்றால் எல்லோரும் மேல்மாடிக்கு ஓடவேண்டும் என்று வருடா வருடம் சுனாமி ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகையில் எப்போதும் பிந்தி ஓடுகிறவர்கள் அன்றைக்குப் பிந்தவில்லை. ஒரு நிமிடம் முடிவதற்குள் தரம் எட்டு 'பி'க்குள் இருநூறு பேர் நின்றார்கள். முதலாம் வகுப்புக் குழந்தைகள் வினோஜாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சமையல் செய்கிற மனிசி கையில் அகப்பையோடு ஏறி வந்தார். கடைசியாக, மூச்சு வாங்க, சம்பவத் திரட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அதிபர் வந்து சேர்ந்தார்.

"கடல் எங்கை நிக்குது?" என்று கேட்டார்.

யன்னலால் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கடல் அதன் இடத்தில் நின்றது.

"எல்லாம் இருமினதாலை வந்த வினை சேர்," என்றான் தலைவன் றஜிந்தன்.

அந்த வாரம் வினோஜா ஒரு சின்னச் சோதனையும் வைத்துப் பார்த்தாள். எல்லோரும் கோட்டை விடுவார்கள், அதைக் காட்டியாவது வெருட்டலாம் என்று நினைத்தாள். குறைந்த புள்ளி அறுபத்தெட்டு. ஜெனிற்றாவுக்கு நூறு. பஸ்ஸில் இருந்து தாள்களைத் திருத்தியவள், 'பாத்தெழுதிப்போட்டாங்கள்' என்று முடிவு கட்டினாள். யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. இன்னொன்றும் பிடிபடவில்லை. வெளியாள் இல்லாத நேரம் ஓரளவு காது கொடுக்கிற பிள்ளைகளுக்கு, அதிபரோ வேறு யாரோ பக்கத்தில் வந்தவுடன் பேய் பிடித்துவிடுகிறது. எல்லாம் என் தலையெழுத்து என்று நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

மூன்றாவதாகத் தாய்மாரைக் கூப்பிட்டாள்.

பத்துப் பேருக்குக் கடிதம் அனுப்பினாள். இருபத்தாறு பேர் வந்தார்கள். றஜிந்தனின் தாய் லூர்த்தம்மாதான் முன்னுக்கு நின்றார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "ரீச்சர், நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், எனக்கு விளங்குது. என்ரை பெடியன் நல்லவன். உவன் கிறிஸ்ரியோடை சேந்துதான் கெட்டவன்."

"ஆர், என்ரை பிள்ளையோ?" கிறிஸ்ரியின் தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "போன மாதம் ஆற்றை பிள்ளையடி எங்கடை வலையை அறுத்தது?"

"வலையைப் பற்றி நீ கதைக்கிறியோ?"

பிறகு வலை, வள்ளம், திருநாள் கொடி பிடித்த விவகாரம், பதினைந்து வருடத்துக்கு முந்திய ஒரு கலியாணத்தில் இறைச்சி குறைந்தது என்று எல்லாமே வெளியில் வந்தன. வினோஜா "அம்மா... அம்மா..." என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. கடைசியில் பிள்ளைகள்தான் நடுவில் புகுந்து தாய்மாரைப் பிரித்தார்கள். றஜிந்தன் விசிலை எடுத்தான். நல்லவேளை, வினோஜா பாய்ந்து பறித்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகும் லூர்த்தம்மா நின்றார். கோபமெல்லாம் எங்கே போனதோ, முகம் நிறையச் சிரிப்பு.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. நாங்கள் காத்தோடையும் கடலோடையும் கத்திக் கதைச்சுப் பழகின சனம். நாளைக்கு விடியக் கடற்கரைக்கு ஒருக்கா வந்து, சிமியோன் அண்ணை மீன் ஏலம் கூறுறதைப் பாருங்கோ. அவர் கூறேக்கை இந்தச் சனத்திலை ஒண்டு வாய் திறக்குதோ எண்டு பாருங்கோ."

வேறு வழி? அடுத்தநாள் முதல் பஸ்ஸில் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றாள் வினோஜா. வள்ளங்கள் வந்திருந்தன. சனம் அவள் நினைத்தபடியே கத்திக்கொண்டிருந்தது. சிமியோன் என்றால் மலைபோல ஒரு ஆள் வருவார் என்று பார்த்தாள். தோளில் துவாய் போட்ட ஒரு மெல்லிய மனிதர் வந்தார். ஓராவும் விளைமீனும் கிடந்த குவியலுக்குப் பக்கத்தில் நின்று, பக்கத்து வீட்டுக்காரனிடம் நேரம் கேட்கிற மாதிரி, மெதுவாக ஒரு விலை சொன்னார்.

சனம் அப்படியே அடங்கிவிட்டது. அவருக்குப் பயந்து அடங்கவில்லை. ஒரு சொல்லைத் தவறவிட்டால் மீன் அடுத்தவனுக்குப் போய்விடும், அவ்வளவுதான். சிமியோன் ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தவில்லை.

வினோஜா குடையைச் சுருக்கினாள். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

முதலாம் பாடம். வகுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் "அமைதி" என்று சொல்லவில்லை. வெண்கட்டியை எடுக்கவுமில்லை. யன்னலோரத்துக் கதிரையில் கையை வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"இந்தக் கிழமை முழுக்க இந்த யன்னல் கதிரை. காத்து வரும், கடல் தெரியும். எத்தினை கணக்குச் செய்து எடுக்கிறியள்?"

முன் வாங்கு திரும்பியது. "ரீச்சர் என்ன சொன்னவ?" என்று நடு வாங்கு கேட்டது. "பொத்தடா வாயை, ஏலம் போகுது!" என்றது பின்வாங்கு.

"அஞ்சு கணக்கு," என்றான் கிறிஸ்ரி.

"அஞ்சு. ஒருதரம்."

"எட்டு!"

"எட்டுக் கணக்கு. ஒருதரம்... ரெண்டுதரம்..."

"பதின்மூண்டு!" றஜிந்தன் எழும்பி நின்றான். இதுவரை பதின்மூன்று கணக்கைச் சேர்ந்தாற்போல் அவன் கண்ணால் கண்டதில்லை.

அன்றைக்கு யன்னல் கதிரை பத்தொன்பது கணக்குக்குப் போனது. கரும்பலகை துடைக்கிற உரிமை இருபத்துநான்கு. ரீச்சரின் குடையை வாசல்வரை கொண்டுபோகிற உரிமை முப்பத்தொன்று. ஏலத்தில் தோற்றவர்களும் அடுத்தநாள் வெல்ல வேண்டுமே என்று வீட்டில் கணக்குச் செய்து பழகிக்கொண்டு வந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் யாரும் ஓடவில்லை. வினோஜாவுக்கு நம்ப முடியவில்லை. தலைகள் குனிந்திருக்க, பேனைகள் ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் ரீச்சர்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. அடுத்தநாள் மடம் வரவேண்டும். முப்பத்தைந்தாவது கணக்கில் குடை நின்றது. வினோஜா வசதிக்காகக் கதிரையில் ஏறி நின்று, "ரெண்டுதரம்..." என்று கையை உயர்த்தினாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். அடுத்த நொடி வகுப்பு மீன்சந்தையாகிவிட்டது. "நாப்பது!" "எண்பது!" "எனக்குத் திருக்கை ரெண்டு!" என்று நாலு பக்கத்தாலும் கத்தினார்கள். கிறிஸ்ரி கொப்பியைச் சுருட்டி ஊதினான். சூசைதாசன் வாசலில் வந்து நின்றபோது, கணித ரீச்சர் கதிரையில் நின்றபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு அவளைச் சுற்றி விலை கூறியது.

"கர்த்தரே," என்றார் அதிபர். கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "பிள்ளை, நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன். இண்டைக்கே தீவு போட்டுக்குப் பெட்டியைக் கட்டி வையும்."

சத்தம் நின்றது.

"எந்தப் போட் சேர்?" என்று றஜிந்தன் கேட்டான்.

"உங்கடை ரீச்சரை ஏத்தப்போற போட். நாளைக்கு மடம் வந்து உங்கடை குழப்படியைப் பாப்பா. 'கட்டுப்பாடு இல்லை' எண்டு எழுதுவா. பேந்து ரீச்சர் அங்கை, நீங்கள் இஞ்சை. சந்தோசம்தானே?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.  வினோஜா கதிரையிலிருந்து இறங்கி மணி அடிக்கும்வரை யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் வந்ததை யாருக்கும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. மீனாம்பிகை மடம் வந்தார். இறுக்கிக் கட்டிய கொண்டை, இறுக்கிக் கட்டிய கோப்பு. அந்தக் கண்ணுக்கு முன்னால் அதிபரே சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

மூவரும் வகுப்புக்குள் நுழைந்தார்கள். முப்பத்துநான்கு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். ஒரு வாங்குகூடக் கிறீச்சிடவில்லை.

"வணக்கம் மடம். வணக்கம் சேர். வணக்கம் ரீச்சர்."

ஒரே குரல்.  றஜிந்தனின் சட்டையை யாரோ இஸ்திரிப் பெட்டி போட்டு மடிப்புக் குலையாமல் அழுத்தியிருந்தார்கள். கிறிஸ்ரி நகம் வெட்டியிருந்தான். ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறார்கள், இது புயலுக்கு முந்திய கடல், என்று அவள் நடுங்கினாள். மேசை லாச்சியைத் திறக்கப் பயம், அலுமாரியைத் தொடப் பயம். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு கணக்கை எழுதினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் மெல்லிய குரலில் சொன்னதெல்லாம் கடைசி வாங்குவரை கேட்டது. கேள்வி கேட்டால் கைகள் உயர்ந்தன. மடம் எழும்பி வந்து தானே ஒரு பின்னக் கணக்கைப் பலகையில் எழுதினார். றஜிந்தன் போய்ச் செய்தான். இன்னும் கடினமாக ஒன்று எழுதினார். ஜெனிற்றா வாய் திறக்காமல் போய் இரண்டு வழியில் செய்துவிட்டு வந்து இருந்தாள். மடம் கொப்பிகளைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவருடைய புருவம் மேலே போனது.

"ஒரு கிழமையிலை ஒராள் நூற்றெழுவது கணக்குச் செய்திருக்கு. எப்பிடிச் செய்விச்சனீங்கள் பிள்ளை?"

அதிபர் கூரையைப் பார்த்தார். வினோஜாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ஏலம் கூறினனான் மடம்."

"என்னத்தை?"

"காட்டுறன் மடம்." வருவது வரட்டும் என்று அவள் மேசையிலிருந்து மடத்தின் கோப்பைத் தூக்கினாள். "மடத்தின்ரை ஃபைலை வாகனம் வரைக்கும் கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. எத்தினை கணக்கு?"

"பத்து," என்றாள் பழைய தலைவி.

"பத்து. ஒருதரம்."

"பதினாலு."

"பதினாறு."

"பதினாறு. ஒருதரம்... ரெண்டுதரம்..."

"இருவது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர் மீனாம்பிகை மடம். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். "அது... என்ரை ஃபைல்தானே," என்றார்.

"இருவத்தஞ்சு, மடம் குறை நினையாதேங்கோ," என்றான் றஜிந்தன்.

"முப்பது!" மடம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

மூலையிலிருந்து ஜெனிற்றா பேசாமல் நான்கு விரலைக் காட்டினாள். நாற்பது. மடம் ஒரு கணம் யோசித்து, தோல்வியை ஒப்புக்கொண்டு, வாய் விட்டுச் சிரித்தார். வலயத்தில் இருபது வருடமாக யாரும் கேட்காத சிரிப்பு அது. அதிபரும் சிரித்தார். "நான்தான் மடம் அப்பப்ப வந்து உற்சாகம் குடுக்கிறனான்," என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

மடம் கோப்பைத் திறந்து எழுதினார். எழுத எழுத உரக்க வாசித்தார். "வகுப்புக் கட்டுப்பாடு, மிக நன்று. கற்பித்தல், மிக மிக நன்று. நிரந்தர நியமனத்துக்குத் தகுதி உடையவர்."

வினோஜா வென்றுவிட்டாள்! இனிப் போட் இல்லை, தீவு இல்லை, வங்கிச் சோதனையும் இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். அத்தனை முகமும் மலர்ந்திருந்தது.

மடத்தின் பேனை நிற்கவில்லை. "அதிபர், உப்பிடி ஒரு கெட்டிக்காறியை இஞ்சை ஒளிச்சு வைச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்? தை மாதம் டவுணிலை பெரிய பள்ளிக்கூடம் ஒண்டு கணக்கு ரீச்சர் கேக்குது. இதிலையே எழுதிவிடுறன்."

டவுண். ஒரே பஸ். பெரிய பெயர் உள்ள பள்ளிக்கூடம். வினோஜாவுக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். ஏனோ வரவில்லை. 'வேண்டாம் மடம்' என்று சொல்ல வாய் எடுத்தாள்.

அவள் சொல்லி முடிக்க வகுப்பு விடவில்லை.

முதலில் ஒரு வாங்கு சரிந்தது. அதற்குள் றஜிந்தன் அலுமாரியின் மேல் நின்று சேவல் போலக் கூவினான். கிறிஸ்ரி வெண்கட்டிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். முப்பது கடதாசி றொக்கற் ஒரே நேரத்தில் பறந்தன. ஒன்று மடத்தின் கொண்டையில் குத்தி நின்றது. இவ்வளவு நேரமும் தேவதூதர்களாய் இருந்தவர்களைக் காணவில்லை.

"சைலன்ஸ்!" என்று மடம் கத்தினார். ஒருவரும் கேட்கவில்லை.

"டேய்! விசரே உங்களுக்கு?" என்று அதிபர் கத்தினார். சேவல் இன்னும் உரக்கக் கூவியது.

வினோஜா கத்தவில்லை. கத்த அவளுக்கு வராது. ஒரு விரலைத் தூக்கி, தன் குரலில் சொன்னாள்: "ஒருதரம்..."

பாதிப்பேர் நின்றார்கள்.

"ரெண்டுதரம்..."

றஜிந்தன் அலுமாரியிலிருந்து இறங்கினான். பழக்கம் பாருங்கள், அவனுடைய காலே அவனைக் கேட்காமல் இறங்கியது.

"மூண்டுதரம்."

முப்பத்துநான்கு பேரும் தங்கள் இடத்தில் போய் இருந்தார்கள். 

மடம் கொண்டையிலிருந்து றொக்கற்றை எடுத்து மேசையில் வைத்தார். வினோஜாவையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனையால் கடைசி வரியை வெட்டினார். "அதிபர், இவ போனால் உந்தக் கூட்டத்தை ஆர் கட்டி மேய்க்கிறது? நீங்களோ?"

"ஐயோ, இல்லை மடம்."

"அப்ப இவ இஞ்சையே இருக்கட்டும். ஒரு அஞ்சு வருசத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு எழுதுறன்." எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, வினோஜாவின் தோளில் ஒரு தரம் தட்டிவிட்டு நடந்தார். ஏலத்தில் வென்ற ஜெனிற்றா கோப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போய், கொடுத்துவிட்டு, வந்து தன் இடத்தில் இருந்தாள்.

வினோஜா கதவைச் சாத்தினாள்.  சிரிப்பதா ஏசுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"முக்கால் மணித்தியாலம் தங்கம்போலை இருந்தனீங்கள். டவுண் எண்ட உடனை ஏன்ரா இந்தக் கூத்து? இண்டைக்கு மட்டுமே? ஏழு மாசம்! ஆர் இந்தப் பக்கம் வந்தாலும் கூத்து! நான் உங்களுக்கு என்னடா செய்தனான்?"

எல்லோரும் கீழே பார்த்தார்கள். றஜிந்தன் பக்கத்து வாங்கை இடித்தான். "நீ சொல்லு. நீதானே சொல்லித் தந்தனி."

ஜெனிற்றா எழும்பினாள். பாவாடை மடிப்பைச் சரிசெய்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, இடாப்புக்கு வெளியே, வாய் திறந்தாள்.

"முந்தி வந்த நாலு கணக்கு ரீச்சர்மாரையும் நாங்கள் நல்ல பிள்ளையளாய் இருந்துதான் ரீச்சர் டவுணுக்குப் பறிகுடுத்தனாங்கள்."